கண்டுபிடித்தவரின் கணவர்

தென்காசியிலிருந்து கடையம் போகும் சாலையில் இருக்கும் பாண்டிராஜின் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது ஷட்டருக்கு இடது பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கிடக்கும் மேசையைத்தான். அங்கே ஜெயபிரியா இருந்தால் நேராக உள்ளே போய்விடுவார்கள். நாற்காலி காலியாக இருந்தால், கிரைண்டரும் கையுமாக நிற்கும் பாண்டிராஜிடம், "மேடம் இல்லையா?" என்று கேட்பார்கள்.

பட்டறை அவனுடையது. இருபது வருஷமாக கேட்டு, ஜன்னல் கிரில், டிராக்டர் கலப்பை என்று அங்கே இரும்போடு கிடக்கிறான். ஜெயபிரியா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன், "ஒரு மேசை மட்டும் போட்டுக்கிடுதேன்" என்றாள். போட்டுக்கொள்ளச் சொன்னவனும் அவன்தான். இப்போது செங்கோட்டை, கடையநல்லூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவிகளும் நெபுலைசர்களும் அவளைத் தேடி வருகின்றன. கொண்டுவரும் டிரைவர்கள் பாண்டிராஜைத் தாண்டும்போது தீப்பொறி படாமல் ஒதுங்குவார்கள். வேறு விதமாக அவனைக் கவனிப்பதில்லை.

அந்த மேசையில்தான் உள்ளி மிஷின் பிறந்தது. சின்ன வெங்காயத்தை இந்தப் பக்கம் உள்ளி என்பார்கள். பறித்துக் காயவைத்த பின் ஒவ்வொன்றுக்கும் வாலை நறுக்கிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மிஷின்கள் ஏற்கெனவே உண்டு. ஆனால் அவை உருட்டுகிற உருட்டில் தோல் உரிந்துபோகும். தோல் போன உள்ளி நாலு நாள் தாங்காது. கையில் சுற்றிக் காற்றடித்துப் பிரஷர் பார்க்கும் பட்டையை ஒருநாள் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஜெயபிரியா, அதே மாதிரி ஒரு சின்ன ரப்பர் வளையத்தால் உள்ளியைப் பிடித்தால் என்ன என்று யோசித்தாள். வளையம் காற்றால் உப்பி உள்ளியை மெல்ல இறுக்கும். போதுமான அழுத்தம் வந்ததும் சென்சார் நிறுத்தும். பிறகு கத்தி வாலை வெட்டும். ஒரு வரிசைக்கு எட்டு வளையங்கள். செய்து முடிக்க எட்டு மாதம் ஓடியது. சட்டம், உருளை, கத்தி எல்லாம் அவள் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துப் பாண்டிராஜ் செய்தான்.

முதலில் ஓட்டிப் பார்த்தது கடையத்துப் பக்கம் இசக்கிமணியின் தோட்டத்தில். கூடையில் விழுந்த உள்ளிகளை அவர் கையில் அள்ளி உருட்டிப் பார்த்தார். ஒன்றிலும் தோல் கிழியவில்லை.

"ஏலே பாண்டி," என்றார் இசக்கிமணி. "நீயும் இருவது வருசமா கேட்டு அடிக்க. இந்த மாதிரி ஒண்ணு ஒனக்குத் தோணிச்சாலே? ஒன் பொஞ்சாதிக்கு மூளையப் பாரு!"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். பாண்டிராஜும் சிரித்தான். ஜெயபிரியா, "அவங்க இல்லாம இது நிக்காது அண்ணாச்சி" என்றாள். அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது. மிஷினை நிற்க வைத்தவன் அவன். ஓட வைத்தவள் அவள்.

போன வருஷம் ஜூலையில் ஜெயபிரியா ஆஸ்பத்திரி வேலையாக இரண்டு நாள் திருநெல்வேலி போனாள். குற்றாலத்தில் சீசன். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு விவசாயக் கண்காட்சி நடப்பது பாண்டிராஜுக்குத் தெரியும். மிஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தகரப் பந்தலின் ஒரு மூலையில் இறக்கினான். உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். யூடியூப் சேனல் வைத்திருக்கும் விஜய்பாண்டி என்பவன் மைக்கை நீட்டினான்.

"அண்ணாச்சி, இதக் கண்டுபிடிச்சது யாரு?"

"நாந்தான்," என்றான் பாண்டிராஜ்.

அவன் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அதன்பின் பன்னிரண்டு நிமிஷம் நிறுத்தாமல் பேசினான். மூடியைத் திறந்து வளையத்தைக் காட்டினான். சென்சார் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தத்தில் நிற்கும் என்பது வரை சொன்னான். ஒரு வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். 'மண்ணின் மைந்தன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பாண்டிராஜ் அதை எத்தனை முறை படித்தான் என்று அவனுக்கே கணக்கில்லை.

கடையநல்லூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சஃப்ரின்தான் வீடியோவை ஜெயபிரியாவுக்கு அனுப்பினாள். ஜெயபிரியா அதைப் பட்டறையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள். அவன் கட்டிங் மிஷினை நிறுத்திவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே," என்றாள். அவ்வளவுதான். மறுநாளே காப்புரிமை முகவர் பால்வண்ணநாதனுக்குப் போன் செய்து, பாதி எழுதிக் கிடந்த விண்ணப்பத்தை முடித்து, ஆகஸ்ட் முதல் வாரத்தில் தன் பெயரில் பதிந்தாள். பெண் விண்ணப்பதாரர் என்பதால் விரைவாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாமாம். பொம்பளை என்றால் அரசாங்கம்கூட வரிசையில் முன்னால் விடுகிறது என்று பாண்டிராஜ் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் மே மாதம் பரிசோதனை அறிக்கை வந்தது. விண்ணப்பித்த நாளுக்கு முன்பே இந்தக் கண்டுபிடிப்பு பொதுவில் வெளியாகிவிட்டது, ஆகவே இது புதியது இல்லை என்று அதில் இருந்தது. ஆதாரமாக விஜய்பாண்டியின் வீடியோ.

பால்வண்ணநாதனின் அலுவலகம் திருநெல்வேலியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே. இருவரையும் வரச் சொல்லியிருந்தார்.

"அரசிதழ்ல அறிவிச்ச கண்காட்சின்னா தப்பிச்சிருக்கலாம். இது அப்படி இல்ல," என்றார். "இன்னொரு வழி இருக்கு. கண்டுபிடிச்சவங்க கிட்டருந்து விஷயத்தை எடுத்து, அவங்க சம்மதம் இல்லாம வேற ஆள் வெளியிட்டிருந்தா, அது அவங்க உரிமையப் பாதிக்காது. தெரிஞ்ச உடனே மேடம் விண்ணப்பிச்சிருக்காங்க. அதுவும் நமக்குச் சாதகம். ஆனா நிரூபிக்கணும்." அவர் பாண்டிராஜைப் பார்த்தார். "நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கணும் சார்."

"என்னன்னு?"

"இது என் கண்டுபிடிப்பு இல்ல. என் மனைவிக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனேன். அவங்க சம்மதம் இல்லாம காட்டினேன். வீடியோவுல நான் சொன்னது உண்மை இல்ல. இவ்வளவுதான்."

மின்விசிறிக் காற்றில் அறிக்கையின் தாள்கள் படபடத்தன. ஜெயபிரியா அவற்றை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வெல்டிங் பூரா நான் பண்ணினது," என்றான் பாண்டிராஜ். "அத ஒரு வரி எழுதுங்க. ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்சதுன்னு போட்டா என்ன கொறஞ்சு போகுது?"

"எல்லாமே போயிரும். நீங்களும் கண்டுபிடிச்சவர்னா, உங்க பொருளை நீங்களே காட்டிட்டீங்கன்னு ஆகும். அப்புறம் சம்மதம் இல்லேன்னு யார் சொல்றது? படம் பாத்துச் செஞ்சு கொடுக்கிறது கண்டுபிடிப்பு ஆகாது சார். சட்டம் அப்படித்தான் பாக்குது."

"அவ சொல்லித்தான் கொண்டு போனேன்னு சொன்னா?"

பால்வண்ணநாதன் பேனாவை மூடினார். "அப்ப காப்புரிமை கிடைக்காது. யார் வேணும்னாலும் செய்யலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெயபிரியா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆலங்குளம் தாண்டிய பிறகு, "பொய் எழுதச் சொல்லல. நடந்தத எழுதச் சொல்லுதேன்," என்றாள். அவன் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதில் அனுப்ப நவம்பர் வரை நேரம் இருந்தது. பாண்டிராஜ் ஜூனைக் கடத்தினான், ஜூலையைக் கடத்தினான். பத்திரத்தின் நகல் ஜெயபிரியாவின் மேசையில் ஒரு பழைய சால்டரிங் அயர்னுக்கு அடியில் கிடந்தது. அவன் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுடைய எட்டு மாதம் காற்றோடு போகும். வீடியோ மட்டும் மிஞ்சும். அதில் மிஷினுக்கு ஒரே ஒரு பெயர்தான், அவன் பெயர். இதை நினைக்கும்போது அவனுக்கு இனிப்பாக இருந்தது. இனிப்பாக இருப்பது தெரிந்து வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்த நாட்களில் கரண்ட் இல்லை, வெல்டிங் ராடு சரியில்லை என்று யாரையாவது ஏசினான். "மேடம் இல்லையா?" என்று யாராவது கேட்டால், "அங்கன போய்க் கேளுங்க" என்று தெருவைக் காட்டினான்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை இசக்கிமணி போன் செய்தார். "ஏலே, நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்ல நிக்கேன். ஒன் மிஷின் இங்கன நிக்குது. யாருக்குலே வித்த?"

"நான் யாருக்கும் விக்கலயே!"

அரை மணி நேரத்தில் பாண்டிராஜ் அங்கே இருந்தான். ஒரு கமிஷன் கடை வாசலில், பளபளக்கும் ஆரஞ்சு வண்ணத்தில், அதே மிஷின். எட்டு வளையம். அதே சென்சார். அவன் மூடிக்கு வைத்த கீலைக்கூட விடாமல் எடுத்திருந்தார்கள். பக்கத்தில் டை கட்டிய ஒரு பையன் துண்டுச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இது யாரு செஞ்சது தம்பி?"

"எங்க எம்.டி. சொந்தமாக் கண்டுபிடிச்சது சார். மூணு வருஷ ஆராய்ச்சி."

"மூணு வருசமா?"

"ஆமா சார். காப்புரிமைத் தொந்தரவு ஏதும் கிடையாது. யார் வேணும்னாலும் செய்யலாம்னு லாயர் சொல்லிட்டாரு."

துண்டுச் சீட்டில் மீசை வைத்த ஒருவர் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே, 'உள்ளி விவசாயிகளின் விடிவெள்ளி'. பாண்டிராஜ் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தான். இந்த ஆள் மிஷினுக்காக ஒரு ராடு உருக்கியிருப்பானா? ஒரு ராத்திரி தூக்கம் கெட்டிருப்பானா? பிறகு குனிந்து சட்டத்தின் மூலைகளைப் பார்த்தான். பற்றவைத்த இடமெல்லாம் கோழி எச்சம் போட்ட மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது.

"வெல்டிங்கப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றான் இசக்கிமணியிடம். "ஒரு வருசத்துல கழண்டு விழும். இவன் கண்டுபிடிச்சானாம்லா!"

"அப்ப நீ கண்டுபிடிச்சதுன்னு சொல்லு," என்றார் இசக்கிமணி. "வீடியோவுல அப்படித்தானல சொன்ன?"

பாண்டிராஜ் சீட்டைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டான். ஜெயபிரியா பெயரில் அந்த மிஷின் இருப்பது ஒரு வருஷமாக அவனுக்குத் தொண்டையில் முள். ஆனால் இந்த மீசைக்காரன் பெயரில் இருப்பதை அவனால் ஒரு பகல்கூடச் செரிக்க முடியாது. பட்டறைக்குப் போனதும் கண்ணாடித் தடுப்பைத் தட்டினான்.

"பத்திரத்த எடு. நோட்டரி கிட்டப் போவோம்."

ஜெயபிரியா அவன் முகத்தைப் பார்த்தாள். சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள்.

தென்காசி கோர்ட்டுக்கு எதிரே நோட்டரி வக்கீலின் அறை. வயதான அந்த வக்கீல் ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று கேட்டார்.

"நான், சங்கிலிப்பாண்டி மகன் பாண்டிராஜ், வயது நாற்பத்தாறு. மேற்படி கண்டுபிடிப்பின் உண்மையான, ஒரே கண்டுபிடிப்பாளரான ஜெயபிரியாவின் கணவர்."

"அத எடுத்துருங்க சார். அப்பா பேருதான் இருக்குல்லா?"

"உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன உறவுன்னு இருக்கணும்யா. இல்லேன்னா உங்க கைக்கு மிஷின் எப்படி வந்துச்சும்பாங்க."

இருபது வருஷமாக ரேஷன் கார்டிலும் வங்கியிலும் பாண்டிராஜ் மனைவி ஜெயபிரியா என்றுதான் இருக்கிறது. மறுபக்கத்திலிருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று அவன் யோசித்ததே இல்லை.

"மேற்படி கண்டுபிடிப்பில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை," என்று தொடர்ந்தார் வக்கீல். "ஒத்துக்கிடுதீங்களா?"

"ஒத்துக்கிடுதேன். சீலப் போடுங்க, போடுங்க."

வீடியோவில் பேசியதன் அச்சுப் பிரதியிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கீழே வந்த கருத்துகளையும் சேர்த்துப் பதினேழு பக்கம். பாராட்டுகளுக்கு அடியில் பாண்டிராஜ் வரிசையாகக் கையெழுத்துப் போட்டான். பேனா அழுத்தத்தில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. ஜெயபிரியா பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது அவன் போன் அடித்தது. தெரியாத எண்.

"அண்ணாச்சி, உள்ளி மிஷின் கண்டுபிடிச்ச பாண்டிராஜ்தானே?"

"இல்ல. ராங் நம்பர்," என்று வைத்துவிட்டான்.

"ஆர்டரா இருக்கும்லா. ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள் ஜெயபிரியா.

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத?"

மறுபடி அடித்தது. அவன் போனை அவள் கையில் திணித்துவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்தான். உடனே இன்ஜினை அணைத்தான். நான்தான் கண்டுபிடித்தேன் என்று அவள் சொல்லப் போகிறாள். எந்தக் குரலில் சொல்கிறாள் என்று அவனுக்குக் கேட்க வேண்டும்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் ஜெயபிரியா. "எந்த ஊரு? எத்தன ஏக்கர் உள்ளி போட்டிருக்கீங்க? கரண்ட் மூணு பேஸா, சிங்கிள் பேஸா?"

நாலைந்து நிமிஷம் பேசினாள். கடைசிவரை அவள் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, "போலாம்" என்றதும் அவன் கிக்கரை ஓங்கி மிதித்தான்.