கொழும்பு சரிப்படுமா

காசிவிஸ்வநாதன் செட்டியார் தன் பதிப்பகத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கதை சொல்வார். அவருடைய முன்னோர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப், போகிற ஊரில் கடை திறப்பதற்கு முன்னால் ஓர் ஆளை அனுப்பிக் குடியிருக்க வைத்துப் பார்ப்பார்களாம். தண்ணீர் எப்படி, கோயில் உண்டா, அதிகாரி எப்படிப்பட்டவன், தெருவில் சத்தம் கேட்டால் ஜனங்கள் கதவைத் திறக்கிறார்களா சாத்துகிறார்களா என்பதையெல்லாம் அந்த ஆள் பார்த்து வந்து சொன்ன பிறகுதான் பெட்டியடி போட்டுத் தொழில் தொடங்குவார்களாம். கதை நல்ல கதைதான். ஆனால் தொண்ணூற்றாறாம் வருஷம் கொழும்பைப் பற்றி அவரே ஒரு முடிவு சொல்ல வேண்டி வந்தபோது யாரையும் அனுப்பவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைமாடியில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த ரமணியைக் கூப்பிட்டார்.

“நீதானே அந்தப் பொண்ணுகிட்ட டெய்லி பேசுற? போன்லயே கேட்டுச் சொல்லிடு லா. கொழும்பு சரிப்படுமா, சரிப்படாதா? ரெண்டுல ஒண்ணு.”

முன்னோர் கப்பலேறிப் போய்ப் பார்த்ததை இவர் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடுவார். அவருக்கு அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம்.

‘அந்தப் பொண்ணு’ தயாளினி. யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டு செட்டியாருக்கு வேலை செய்தாள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி நூல்களை இங்கே ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொடுப்பார்கள். அது பேக்ஸில் கொழும்புக்குப் போகும். தயாளினி அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, டெலிபோன் லைன் வழியாகவே திருப்பி அனுப்புவாள். கோலாலம்பூரில் தமிழ் டைப்பிங் தெரிந்தவர்கள் எல்லாரும் சுபாங் ஜெயா பக்கம் ஏர்கோன் போட்ட ஆபீசுகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த ஒன்றிரண்டு பேரும் செட்டியார் கொடுக்கிற சம்பளத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். கடல் தாண்டி ஒருத்தி கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

தயாளினிக்கு அந்த வேலை சம்பளத்துக்காக மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண் கொழும்பில் தங்க வேண்டுமென்றால் போலீஸில் பதிந்திருக்க வேண்டும்; எதற்காகத் தங்குகிறாள் என்று காரணமும் காட்ட வேண்டும். மலேசியக் கம்பெனி ஒன்றில் வேலை என்பதுதான் அவள் காட்டிய காரணம். அது போனால் அவளுக்கு அங்கே நிற்க இடமில்லை. திரும்பிப் போகவும் வழியில்லை. ஊரில் வீடு இடிந்து போயிற்று, அம்மா வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தாள். இதையெல்லாம் அவள் ஒருநாள் பேச்சோடு பேச்சாக ரமணியிடம் சொல்லியிருந்தாள், அழாமல்.

இப்போது சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய கம்பெனி, தன் வேலையையும் அப்படியே கொழும்பில் பத்துப் பேரை வைத்து டைப் செய்து வாங்கலாமா என்று யோசித்தது. செட்டியார்தான் நடுவில் நின்றார். சரிப்படும் என்றால் தயாளினி அந்தப் பத்துப் பேருக்கும் மேலாளாகி விடுவாள். சரிப்படாது என்றால் தன் வேலையையும் கையோடு மூடிவிட்டு மெட்ராசுக்கு மாற்றிக்கொள்வதாகச் செட்டியார் சொல்லிவிட்டார். இத்தனையும் சேர்ந்து சுங்கை பூலோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிற ரமணியின் தலையில் விழுந்தது. அவள் சிலாங்கூரைத் தாண்டிப் போன ஊர் என்றால் தைப்பூசத்துக்குப் பினாங்கு, அவ்வளவுதான்.

ரமணி போன் போட்டுக் கேட்டாள்.

“லைன் எல்லாம் ஓகேவாம்மா?”

“ஓம் அக்கா, நல்லா வேலை செய்யுது.”

“வெளிய தெருவ போயிட்டு வரலாமா? பயம் ஒண்ணும் இல்லையே?”

“பிரச்சினை ஒண்டும் இல்லை அக்கா.”

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் படிக்கட்டில் பல பேர் பூட்ஸ் காலோடு ஏறுகிற சத்தம் கேட்டது. யாரோ சிங்களத்தில் அதட்டினார்கள். கதவு தட்டப்பட்டது.

“என்னம்மா சத்தம்?”

“சும்மா செக்கிங் அக்கா. பிறகு எடுக்கிறன்.”

பசித்தவனிடம் போய்ச் சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால் அவன் வேறென்ன சொல்வான்? அரிசியாகவே இருந்தாலும் வெந்துவிட்டது என்றுதான் சொல்வான். ரமணிக்கும் இது தெரியாமல் இல்லை. நாற்பத்திரண்டு வயதுப் பெண், கட்டிக்கொண்டவன் விட்டுப் போன பிறகு, ‘நல்லா இருக்கேன்’ என்று ஊரெல்லாம் சொல்லிப் பழகியவள். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால் தயாளினி நடுத்தெருவில் நிற்பாள். அதனால் பூட்ஸ் சத்தம் தன்னோடு இருக்கட்டும் என்று செட்டியாரிடம் போய், “நல்லாத்தான் இருக்குன்னு சொல்றா பாஸ்” என்றாள்.

“ஒரு குறைகூடவா இல்ல? குறையே இல்லாத ஊரைப் பத்திச் சொன்னா கம்பெனிக்காரன் நம்பமாட்டான். கேளு.”

மறுபடி கேட்டபோது தயாளினி யோசித்து ஒன்று சொன்னாள். “கரண்ட்தான் அக்கா. மழை இல்லை, அணையில தண்ணி இல்லையெண்டு மணிக்கணக்கா வெட்டுறாங்கள். எல்லாருக்கும் அப்பிடித்தான்.” கொழும்பில் இருந்த எல்லாக் குறைகளிலும் போனில் தைரியமாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்பது ரமணிக்கு அப்போது உறைக்கவில்லை.

செட்டியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “கரண்டா? இதெல்லாம் ஒரு பிரச்சினையா? விஜயனைக் கூப்பிடு!”

விஜயன் கடைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பண்டமாரானில் வீடு. நல்ல பையன், கைராசிக்காரன், கொஞ்சம் அதிகமாகவே மூளை வேலை செய்கிறவன். இரண்டு லோரி பேட்டரி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கரண்ட் எடுக்க ஒரு பெட்டி, சிவப்பும் கறுப்புமாக ஒரு கட்டு ஒயர் எல்லாவற்றையும் சேர்த்தான். பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கெட்டுப்போகக் கூடாது என்று ஒரு டைமரும் வைத்தான். வீடுகளில் சாமி மேடை விளக்கு சாயங்காலம் தானாக எரியவும் காலையில் தானாக அணையவும் மாட்டி வைப்பார்களே, அந்த டைமர். பிரிக்பீல்ட்ஸில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் தொங்கும். ரமணி வீட்டிலும் ஒன்று இருந்தது, முருகன் படத்துக்குப் பக்கத்தில்.

பெட்டியைக் கட்டிய அன்று ரமணி ஆசையாகப் போன் போட்டுச் சொன்னாள்.

“அக்கா, பேட்டரி வேண்டாமே.”

“ஏம்மா?”

“பாரமா இருக்கும்.”

“தூக்குறவங்க தூக்கிட்டு வந்து வைப்பாங்கம்மா. உன் வேலைக்காகத்தானே செய்றோம். கரண்ட் இல்லாம லேட்டாச்சுன்னா இந்தாளு மெட்ராசுக்குத் தூக்கிக் கொடுத்துருவாரு.”

“இல்லை அக்கா, இஞ்ச…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு, “சரி அக்கா. அனுப்புங்கோ” என்றாள்.

விஜயனுக்குத் தெரிந்த ஒருவர் கொழும்புக்கு லோரி உதிரிபாகங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தச் சாமான்களோடு சாமானாகப் பெட்டியும் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறியது. போய்ச் சேர்ந்தது. வேலையும் செய்தது. கரண்ட் போனாலும் போகாவிட்டாலும் பக்கங்கள் மணியடித்ததுபோல் வந்து விழுந்தன. ரமணி செட்டியாரிடம், “சரிப்படும் பாஸ்” என்று சொன்னாள். அன்று செட்டியார் எல்லாருக்கும் சாப்பிட மீ கோரிங் வாங்கிக் கொடுத்தார். அவர் கை அவ்வளவு தாராளமாக நீண்டதை யாரும் முன்பு பார்த்ததில்லை.

பிறகு கொழும்புப் பக்கம் ஒரு குண்டு வெடித்தது. பேப்பரில் வந்திருந்தது. ரமணி போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. விடுதிக்காரரின் நம்பருக்கு அடித்தாள். அவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“சுற்றிவளைச்சுத் தேடினவங்கள் அம்மா. அந்தப் பிள்ளையின்ர அறையில பேட்டரி, ஒயர், மணிக்கூடு பூட்டின சாமான் எல்லாம் இருந்ததாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வேறென்ன சொல்ல? கூட்டிக்கொண்டு போட்டாங்கள். என்னையும் விசாரிச்சவங்கள். இனி இஞ்ச எடுக்காதேங்கோ.”

ரமணி ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். பேட்டரி, ஒயர், டைமர். தனித்தனியாக இருந்தபோது கடைச் சாமான். அந்த அறையில், அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்தபோது அது என்னவாகத் தெரியும் என்று இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. தோன்றியவள் ஒருத்திதான். அவளும் பாரமாக இருக்கும் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஒட்டுக்கேட்கிற லைனில் அவள் வேறெதைச் சொல்வாள்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்காய் முடிந்திருந்தால்கூட ரமணி கும்பிட்டிருப்பாள்.

விஜயன் கேள்விப்பட்டு ஓடிவந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதான். “சார்ஜ் ஏறினா நிக்கணும்னுதானே அக்கா வெச்சேன்… வேற ஒண்ணுக்கும் இல்லக்கா…” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ரமணி செட்டியாரிடம் போனாள். “பாஸ், அந்தச் சாமானெல்லாம் நம்ம கம்பெனி அனுப்பினதுன்னு ஒரு லெட்டர் கொடுங்க. சீல் போட்டு. நான் பேக்ஸ் பண்றேன்.”

செட்டியார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “உனக்கு என்ன பைத்தியமா? இலங்கைக்குப் பேட்டரியும் டைமரும் நான்தான் அனுப்பினேன்னு என் பேர்ல எழுதிக் கொடுக்கவா? அது சுத்தி இங்க வரும். விசாரணையே இல்லாம உள்ள தூக்கி வெப்பாங்க, தெரியுமா? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு ரமணி.”

அவர் பயந்ததில் பொய் இல்லை. அதுதான் ரமணிக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. மனுஷன் அயோக்கியனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம்.

அவளே தன் பேரில், தன் அடையாள அட்டை எண் போட்டு, இன்ன சாமான் இன்ன காரணத்துக்கு அனுப்பப்பட்டது என்று எழுதினாள். தெரிந்த ஆங்கிலத்தில்தான் எழுதினாள். விளக்குக்குப் போடும் டைமர் என்று எழுதியபோது அது அவளுக்கே பொய் போலப் பட்டது. விடுதிக்காரர் அவள் கெஞ்சலுக்கு இரங்கி, பேக்ஸில் வந்த அதைப் போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். தனி ஆள் எழுதினதெல்லாம் செல்லாது, கம்பெனி சீல் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செட்டியார் சீலை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்த வாரமே சுபாங் ஜெயாக் கம்பெனிக்கும் பதில் போனது. கொழும்பு சரிப்படாது, கரண்ட் வெட்டு அதிகம். அவர்களும் ஆமாம் ஆமாம், கேள்விப்பட்டோம் என்றார்கள். பயிற்சி நூல் வேலை மெட்ராசுக்குப் போயிற்று. தயாளினி பாதியில் விட்ட நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வேறு யாரோ அடித்து அனுப்பினார்கள். ரமணி அதற்கும் புரூஃப் பார்த்தாள். வேறென்ன செய்வாள், அவளுக்கும் வீட்டு வாடகை இருந்தது.

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. வயதான பெண் குரல்.

“ரமணிப் பிள்ளையோ? நான் தயாளினியின்ர அம்மா. வவுனியா முகாமில இருந்து பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்தனான்.”

“அம்மா… தயாளினியப் பார்த்தீங்களா?”

“காட்டேல்லைப் பிள்ளை. வேற இடத்துக்குக் கொண்டு போட்டாங்களாம். எந்த இடமெண்டு சொல்லேல்லை. உங்களைப் பற்றி நல்லாச் சொல்லுவாள். கோவிக்காதேங்கோ, ஒரு உதவி. அவள் உங்கட கம்பெனியில இன்னும் வேலை செய்யிறாள் எண்டு ஒரு கடிதம் தருவியளோ? அதைக் காட்டிக் கேட்கலாம் எண்டு லோயர் சொல்லுறார்.”

திட்டியிருக்கலாம் அந்த அம்மாள். என் பிள்ளையைக் கெடுத்தீர்களே என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்திருக்கலாம். இவ்வளவு மரியாதையாகக் கேட்டது ரமணியைக் கொன்றது. தருகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சீல் இல்லாத காகிதத்தை நம்பி அந்த அம்மாள் எத்தனை வாசல் ஏறி இறங்குவாள்?

“அம்மா, அங்க வேலையை நிறுத்திட்டாங்கம்மா. நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். முதலாளி லெட்டர் தரமாட்டேங்கிறாரு. கொழும்பு சரிப்படாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.”

கோபம் வரும் என்று ரமணி காத்திருந்தாள். வரவில்லை.

“அது சரிதான் பிள்ளை” என்றாள் அந்த அம்மாள். “கொழும்பு சரிவராதுதான். யாழ்ப்பாணமும் சரிவரேல்லை. வவுனியாவில பாஸ் இல்லாமல் முகாமுக்கு வெளியில விடமாட்டாங்கள். உங்கட கம்பெனி ஊரெல்லாம் விசாரிச்சுப் பார்க்கிறதெண்டு மகள் சொன்னவள். அப்ப எங்களுக்குச் சரிவாற ஊர் எதெண்டு அவையிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. நான் லைனிலயே நிக்கிறன்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் செட்டியார் யாரோ விருந்தாளியிடம் தன் முன்னோர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரமணி ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள். அந்த அம்மாள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.