திமிங்கிலம் வந்தாச்சு

முதுகு மட்டும்தான் தெரிகிறது, கறுத்து, நனைந்து, கவிழ்த்துப் போட்ட வள்ளம்போல, அது மூச்சு விடுகிறது, தண்ணீர் புகையாக எழும்பிக் காற்றில் கரைகிறது, படகில் இருக்கிற பன்னிரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து போனை நீட்டுகிறார்கள், பக்கத்தில் குட்டி இருக்கிறது பார் மச்சான் என்கிறான் ரஸல், நான் குட்டியைப் பார்க்கவில்லை, இவன் வாயிலிருந்து வருகிற அந்த மச்சானைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இவன் என் தங்கை வல்லியின் புருஷன், பதினோரு வருஷத்தில் அவள் இவனுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை அது, என்றைக்காவது ஒருநாள் நான் வருவேன் என்று நம்பிக் கற்றுக்கொடுத்திருக்கிறாள், வந்துவிட்டேன், அவள் செத்து நாற்பத்து மூன்றாம் நாள், அடிலெய்டுக்குத் தெற்கே இந்தக் கடற்கரைக்கு, அவள் சாம்பலில் ஒரு கைப்பிடி வாங்கிப்போய்த் தாமிரபரணியில் கரைக்க வேண்டும், அதற்குத்தான் வந்தேன், வேறு எதற்கும் இல்லை.

வருஷா வருஷம் ஆனி பிறந்தால் அவளிடமிருந்து செய்தி வரும், அண்ணே, திமிங்கிலம் வந்தாச்சு, நீ எப்ப வாரே. குற்றாலத்தில் சாரல் விழுகிற நேரம் இங்கே குளிர்காலம் என்பதும், குட்டி போடத் திமிங்கிலங்கள் இந்த விரிகுடாவுக்கு வரும் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியும், படிப்பேன், பதில் போடமாட்டேன், படித்துவிட்டேன் என்பதற்கு அவள் போனில் இரண்டு நீலக் கோடு விழும், அது போதும் அவளுக்கு என்று நினைத்துக்கொள்வேன், நினைத்துக்கொண்டேனா, இல்லை, உறைக்கட்டும் என்றுதான் நினைத்தேன், இனிமேல் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்த மறுநாள் காலையில் தாமிரபரணிக் குறுக்குத்துறைக்குப் போனேன், தலை முழுகிவிட்டேன் என்று எல்லோரும் வாயால் சொல்வார்கள், சொல்லிவிட்டு அடுத்த வருஷம் பேத்திக்குக் கொலுசு வாங்கிக்கொண்டு போய் நிற்பார்கள், நான் சொன்னால் செய்கிறவன், அந்தக் கர்வம் எனக்கு, படித்துறையில் இருந்த ஐயரிடம் விஷயத்தைச் சொன்னேன், எப்ப தவறினா என்றார், தவறவில்லை என்றேன், உசுரோட இருக்கிற பொண்ணுக்கு எள்ளு எறைக்கச் சொல்றீரே, என்னால ஆகாது, வீட்டுக்குப் போம் என்றார். நான் போகவில்லை. எள்ளை நானே வாங்கி வந்தேன், நானே மூன்று முறை முங்கினேன், செண்பகவல்லி என்று முழுப் பேரையும் சொல்லி எள்ளும் தண்ணீருமாக இறைத்தேன், ஆறு அதைக் கொண்டுபோய்விட்டது, அதே படித்துறையில்தான் அவளுக்கு ஏழு வயதில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன், வயிற்றுக்கு அடியில் என் கை இருக்கிறது என்று நம்பிக் காலை அடிக்கிறாள், அண்ணே விட்டுராதே, விடலை விடலை என்கிறேன், கையை எடுத்து வெகு நேரமாகிவிட்டது, அவள் போய்க்கொண்டே இருக்கிறாள், சின்ன முதுகு, ஈரத்தலை, கூப்பிட வாயைத் திறக்கிறேன், வாய்க்குள் உப்புக் காற்று போகிறது, குளிர்கிறதா என்று கேட்டு ரஸல் தன் கம்பளிச் சட்டையை என் தோளில் போடுகிறான்.

இவன் நல்லவன், அதைத்தான் தாங்க முடியவில்லை, கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். வந்து இறங்கிய அன்றே ஒரு தாளைக் காட்டினான், அண்ணன் வந்தால் என்று தலைப்புப் போட்டு வல்லி எழுதி வைத்த பட்டியல், கங்காரு, பென்குயின், ஆறு கடலில் விழுகிற இடத்தில் துடுப்புப் படகு, திராட்சைத் தோட்டம், கடைசியில் திமிங்கிலம், தோட்டத்துக்கு நேராக மட்டும் ஒரு குறிப்பு, அண்ணன் ஒயின் குடிக்கமாட்டான், வற்புறுத்தாதே. சாம்பல் என்றேன், முதலில் இது மச்சான், அவள் ஆசைப்பட்ட வரிசைப்படியே போவோம் என்றான், ஆக, துக்கத்துக்கு வந்தவன் சுற்றுலாக்காரன் ஆனேன், பெண் பார்க்க வந்த வீட்டு அத்தை மாதிரி ஒரு கங்காரு என்னை ஏற இறங்கப் பார்த்தது, துடுப்புப் போடத் தெரியாமல் படகு இருந்த இடத்திலேயே சுற்றியது, சிரித்துவிட்டேன், சிரித்த வாயில் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

நேற்றுத்தான் தோட்டம். அவன் அப்பா வைத்தது, குளிர்காலத்தில் இலை ஒன்று இல்லை, கவாத்து செய்த கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன, ஒரு கொடிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு இங்கேதான் என்றான், எனக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது, எல்லாவற்றையுமா என்றேன், எல்லாவற்றையும், மண்ணோடு கலந்துவிட்டேன் என்றான். குந்தி உட்கார்ந்து விரலால் கிளறினேன், ஒரு மாத மழை குடித்த சேறு, சேற்றைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அவன் ஒரு கிளாஸில் ஊற்றித் தான் மட்டும் குடித்தான், பட்டியலில் எழுதியபடி எனக்கு நீட்டவில்லை, நான் பிடுங்கிக் குடித்தேன், ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை, இந்தக் கொடிதானா என்று கேட்டேன், அவளில் ஒரு சொட்டாவது எனக்குள் போகட்டும் என்று ஒரு கிறுக்கு எண்ணம், இந்த வரிசைதான், ஆனால் நாலு வருஷத்துக்கு முந்தைய அறுவடை என்றான், நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் உயிரோடு உட்கார்ந்து எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

குட்டி தாயின் மேல் ஏறிப் புரள்கிறது, எல்லோரும் ஆவென்று பார்க்கிறார்கள், எனக்கு இப்போதுதான் கோபம் வருகிறது, எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் கேட்கிறேன், எங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது, ஓடுகிற தண்ணீரில் கரைக்க வேண்டும், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன் இருக்கிறேன், கடைசியாக அவளுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்ய விடாமல் ஏன் மண்ணில் போட்டாய். அவன் குரலை உயர்த்தவில்லை, ஆச்சரியமாகத்தான் பார்க்கிறான். ஆஸ்பத்திரியில் அவளிடமே கேட்டேன் மச்சான், உங்கள் ஊர் ஆற்றுக்குக் கொண்டுபோகட்டுமா என்று. வேண்டாம் என்றாள், அண்ணன் அங்கே எனக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டான், நம் கல்யாணம் ஆன வாரமே அம்மா போனில் சொன்னாள், அவன் எதையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை, இன்னொரு தடவை செய்யச் சொல்லி அவனைச் சிரமப்படுத்தாதே, என்றாள்.

அந்த வாரமே தெரியும். தெரிந்துதான் பதினோரு ஆனியிலும் எழுதியிருக்கிறாள். ரஸல் அதை என்னவென்று புரிந்துகொண்டானோ, கல்யாணத்துக்கு நான் ஆற்றங்கரையில் ஏதோ பிரார்த்தனை செய்து ஆசீர்வதித்தேன் என்றுகூட நினைத்திருப்பான், கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொள்கிறான், நீங்கள் அவளுக்குச் செய்ததற்கு நன்றி சொல்ல இத்தனை நாள் காத்திருந்தேன் மச்சான் என்கிறான். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆமாம், ஒரு குறையும் வைக்காமல் செய்தேன், என்கிறேன்.