துடைத்தெடுத்த மூச்சு

கல்லூரியில் சினிமா பாடம் எடுப்பவன் நான். என் வழக்கம் இதுதான்: ஒரு காட்சியை முதலில் சத்தமில்லாமல் காட்டுவேன். பிறகு திரையை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வைப்பேன். கண்ணும் காதும் ஒன்றையொன்று ஏமாற்றுவது அப்போதுதான் பிடிபடும்.

ஒவ்வொரு வருடமும் அதே காதல் படம், அதே தொடக்கக் காட்சி. கேமரா எதிர்வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல். அதில் கட்டைவிரல் அளவுக்கு நாயகி. அவ்வளவு தூரத்தில் இருப்பவளின் மூச்சு மட்டும் நம் காதோரம் கேட்கும். பார்க்கிறவன் எட்ட இருக்கிறான், மனசு ஒட்டி இருக்கிறது. ஒரு வசனம்கூட இல்லாமல் காதலைச் சொல்லியாயிற்று என்று நான் அளப்பேன்.

வகுப்பில் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த மூச்சு நடிகையுடையதல்ல. அவருக்கு அப்போது கடும் சளி. அந்தப் படத்தில் ஒலிப்பதிவு உதவியாளராக இருந்த என் மனைவி, எதிரொலி வராமலிருக்க எங்கள் படுக்கையறையில் துணி பீரோவைத் திறந்து வைத்து, ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, தானே மூச்சு விட்டுப் பதிவு செய்தாள். "நீங்க மூச்சு விட்டா ரம்பம் அறுக்கிற மாதிரி இருக்கு, மாடிக்குப் போங்க" என்று என்னைத் துரத்தினாள். மாடியில் நான் தும்மித் தொலைத்தேன். கடைசி மூச்சில் அவள் சிரிப்பை அடக்கியது அப்படியே படத்தில் இருக்கிறது. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து பால் கெட்டுப்போனதும் அன்றுதான்.

அவள் இறந்து சில வருடங்களாகின்றன. ஊராருக்கெல்லாம் சத்தம் பதிவு செய்தவள் தன் குரலை எங்கும் பதிவு செய்து வைக்கவில்லை. எனக்கு மிஞ்சியது அந்த மூச்சுதான். இப்போது வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் முனகுகிறது. வீட்டில் அவள் மூச்சைப் போட்டுக் கேட்டால், அவள் இருக்கிறாளோ என்று அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்துவிடுவேன். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, பாடம் என்ற சாக்கில், வகுப்பில் கேட்பேன்.

அந்தப் படத்தின் டிஸ்க்கில் கீறல் விழுந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று கல்லூரி அலுவலகத்தை நச்சரித்தவனும் நானேதான். துல்லியமாக்கப்பட்ட புதுப் பதிப்பு வந்தது. பழையதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

இன்று திரையை அணைத்தேன். சைக்கிள் மணி, காக்கை, தெரு இரைச்சல். மூச்சு வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தேவையில்லாத சத்தம் என்று எவனோ சுத்தமாகத் துடைத்திருக்கிறான். மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை.

"சார், நாங்க என்ன கேக்கணும்?" என்றான் ஒருவன்.

கடைசி பெஞ்சிலிருந்து, நான் 'மகாராணி' என்று கிண்டலடிக்கும் பெண் எழுந்தாள். "சார், திட்டக்கூடாது. எங்கிட்ட பழைய காப்பி இருக்கு. திருட்டுக் காப்பி."

திருட்டுக் காப்பி பார்ப்பவர்களைப் போன வாரம்தான் வகுப்பு முழுக்கக் காய்ச்சியிருந்தேன்.

"கொண்டாம்மா," என்றேன்.

அவள் போனை ஸ்பீக்கரில் மாட்டினோம். மணி, காக்கை, தெரு. பிறகு மூச்சு வந்தது. முடிவில் அந்த அடக்கிய சிரிப்பும் வந்தது.

"யாரு சார் சிரிக்கிறது?" என்றாள் மகாராணி.

பதிவில் வந்த பிழை என்றுதான் வருடா வருடம் சொல்லி வந்திருக்கிறேன்.

"என் வீட்டுக்காரிம்மா," என்றேன். "நான் தும்மிட்டேன்னு சிரிக்கிறா."