சர்ச் குழாயின் மேல்சட்டை

“எங்க வீட்டு பாய்லர் குழாயை மாத்திக் குடுங்க, மிஸ்டர் ஹோல்ராய்ட். இந்த வாரமே.”

சூப் கரண்டிகள் அப்படியே நின்றன. வீட்டுக்காரரிடம் எதையும் கேட்காதே, நாலு பேர் முன்னால் கேட்கவே கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். அந்த நாலு பேரும் ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெரு சர்ச் கூடத்தில்தான் இருந்தார்கள். வீட்டில் குளிர் தாங்காதவர்களுக்காக ஹோல்ராய்ட் நடத்தும் தர்மம் இது. வந்தவர்களில் பாதிப் பேர் அவர் வீடுகளில் குடியிருப்பவர்கள். விறைக்க வைப்பதும் அவர்தான், கூப்பிட்டு உட்காரவைத்து நன்றி வாங்கிக்கொள்வதும் அவர்தான்.

“ஷெல்லி, உட்காருடி,” என்றாள் அம்மா. அவள் மணிக்கட்டில் கட்டு.

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் கழிக்கும் தண்ணீர் எங்களிடத்தில் விரல் தடிமன் குழாயில், வெளிச்சுவரோடு இறங்குகிறது. கடுங்குளிரில் அது உறைந்துவிடும். பாய்லர் தொண்டையைச் செருமிவிட்டு நின்றுபோகும். அம்மா விடியலில் கெண்டியோடு போய்க் குழாய்மேல் வெந்நீர் ஊற்றுவாள். தன் வெந்நீர்ப் பையையும் குழாய்க்கே கட்டிவிட்டு, கோட்டோடு படுப்பாள். ஊற்றிய நீர் படியில் உறைந்து, அதில் வழுக்கியதற்குத்தான் இந்தக் கட்டு.

“காலேஜெல்லாம் படிச்ச பொண்ணு, கண்ணு நீ,” என்று ஹோல்ராய்ட் சிரித்தார். “ஒரு கெண்டி வெந்நி ஊத்தத் தெரியாதா? எங்க காலத்துல ஜன்னலுக்கு உள்பக்கமே ஐஸ் கட்டும். வாயத் திறந்தோமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்தக் கூடத்துக் குழாய் மட்டும் ஏன் உறையல?”

“அது எப்படி உறையும்? நல்ல தடிக் குழாய். மேல குளிர் ஏறாம ஸ்பாஞ்சு மாதிரி நுரை உறை. நானே என் கையால மாட்டினேன், டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிது.”

“அப்ப தெரிஞ்சேதான் எங்களுக்குப் போடல.”

அம்மாதான் முந்திக்கொண்டாள். “அவ ஏதோ உளர்றா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு டீ போடட்டுமா உங்களுக்கு?”

கட்டுப் போட்ட கையால் டீயாம்.

மேசையிலிருந்த ரொட்டிக் கத்தியை எடுத்தேன்.

“ஏய், அது எதுக்கு?” என்றார்.

“உங்க உறையைக் கழட்டத்தான். அம்மா குழாய்க்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், கயித்தால கட்டிக்கிறேன்.” கதவைத் திறந்தேன். “உங்களுக்கென்ன, கெண்டி இருக்கு. ஊத்தவும் தெரியும்.”

கதவைச் சாத்தாமலே வெளியே நடந்தேன்.