மழுப்பலார் சொன்ன பதில்

தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டபோது அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோப்பதற்குள்ளேயே பாதிக் காலை போயிருந்தது. அவருக்குப் போன் வருவதே அபூர்வம். வந்தாலும் கடன் அட்டை வேண்டுமா என்று கேட்பவர்கள்தான். அவர்களிடம்கூட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிடுவார். அவர்கள்தான் முதலில் போனை வைப்பார்கள்.

"சார், உங்க புத்தகத்தை முழுசா படிச்சிட்டேன் சார்," என்றாள் அவள். "நிகழ்ச்சிக்கு முன்னாடி உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். இப்ப நேரம் இருக்குமா?"

நேரமா! அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

ஒரு காலத்தில் அப்படியில்லை. தலைவர் ஆட்சியில் இருந்தவரை இவர்தான் அவருடைய செய்தித் தொடர்பாளர். அதாவது, தலைவர் செய்ததைச் செய்யவில்லை என்றும் செய்யாததைச் செய்துவிட்டார் என்றும் மைக்குகளுக்கு முன்னால் நின்று சொல்கிற உத்தியோகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் ஒரு தோட்டத்தையே மறைத்தவர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நிருபர்கள் அவருக்கு மழுப்பலார் என்று பெயர் வைத்தார்கள். மரியாதையும் இருந்தது, மானமும் போனது, அப்படி ஒரு பெயர். அது அவர் காதிலும் விழுந்தது. "அது பற்றி எனக்குத் தகவல் இல்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு தலைவர் தேர்தலில் தோற்றார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. மைக்குகள் வேறு வாய்களைத் தேடிப் போய்விட்டன. மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். இருந்த ஒரே மகளும் பேசுவதில்லை. பேச ஆளில்லாமல்தான் புத்தகம் எழுதினார் என்பது என் கணிப்பு. பதிப்பாளர் அட்டையில் தலைவர் படத்தைப் பெரிதாகவும் இவர் படத்தைத் தபால்தலை அளவிலும் போட்டார். நாட்டில் யார் அரசியல் நினைவுகளை எழுதினாலும் அந்தப் பெண் வேலை பார்த்த நையாண்டி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்தால்தான் புத்தகம் நகரும். அதன் தொகுப்பாளர் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் கேள்வி கேட்பதில் பேர்போனவர்.

ஆனால் இந்தப் பெண் ஊசி எதுவும் ஏற்றவில்லை. அவள் கேட்டாள், அவர் சொன்னார். மாநாட்டு மேடையில் தலைவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தூங்கிய கதையையும், வேறு யாருடைய காரிலோ ஏறிப் போய்விட்ட கதையையும் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்புறம் சார்?" என்றாள். எத்தனை வருடமாயிற்று, ஒருவர் அவரிடம் 'அப்புறம்' என்று கேட்டு! பொத்தான் பாதி தைத்தபடி தொங்கியது. அவர் அதை மறந்தே போனார்.

அப்புறம் அவள் கேட்டாள்: "நர்ஸுங்க ஸ்டிரைக் பத்தி ஒரே ஒரு பாராதான் எழுதியிருக்கீங்க. ஏன் சார்?"

அந்த ஒரு பாராவும் மழுப்பல்தான். 'அன்று எனக்குக் கிடைத்த தகவல்கள் முழுமையானவை அல்ல' என்று எழுதியிருந்தார். நடந்தது வேறு. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த நர்ஸுகளைப் போலீஸ் தடியால் அடித்தது. மாலையில் இவர் மைக்குகளுக்கு முன்னால் நின்று, 'யார்மீதும் ஒரு அடிகூட விழவில்லை' என்றார். நர்ஸாக இருந்த மகள், புருவத்துக்கு மேல் தையலோடு, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு அதை டிவியில் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நாங்க அடிவாங்கினது உங்களுக்குத் தெரியுமா தெரியாதாப்பா?" இவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு முழுத் தகவல் வரலைம்மா." பெற்ற மகளிடம்! பாவி மனுஷன். நாக்குக்குப் பழகிய தடம் அது, அதிலேயே ஓடிவிட்டது. அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள்தான்.

இதையெல்லாம் முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் மளமளவென்று கொட்டினார். மைக்குக்குப் போகும் முன்பே ஒரு அதிகாரி அடிபட்டவர்களின் போட்டோவைக் காட்டினார், அதில் மகள் இருந்தாள், தெரிந்தேதான் போய்ச் சொன்னேன் என்பது வரைக்கும் சொன்னார். அந்தப் பக்கம் பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

"இதை நிகழ்ச்சியில கேக்க வேணாம்மா," என்றார்.

"சரி சார். குறிச்சுக்கறேன்."

போனை வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'ஞாயிறு சாயங்காலம் டிவியில் வருகிறேன்.' அவர் அனுப்புவதை எல்லாம் அவள் பார்ப்பாள், பதில்தான் போடமாட்டாள். இதையும் பார்த்துவிட்டாள் என்று குறி வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

பதிவு வெள்ளிக்கிழமை. ஒப்பனை அறையில் அவர் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி முகத்தில் மாவு பூசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். குரலை வைத்து அவள்தான் என்று தெரிந்துகொண்டார். எழுந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார்." கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "முதல்ல உங்க பழைய பேட்டியெல்லாம் ஓட்டுவோம். அப்புறம் தூக்கக் கதை, கார் கதை. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க சார். ஆனா முதல் தடவை சொல்ற மாதிரி இருக்கணும். தொகுப்பாளரும் முதல் தடவை கேக்கற மாதிரிதான் கேப்பார்."

அப்படியே பக்கத்து நாற்காலிக்குப் போய், அடுத்த விருந்தினரான ஒரு நடிகையிடம், "மேடம், உங்க படத்தை முழுசா பாத்துட்டேன் மேடம்," என்றாள். அதே குரல், அதே குழைவு. அது அவளுடைய வேலை. மழுப்பலாருக்கு இது தெரியாதா? இருபது வருடம் குரலை விற்றுப் பிழைத்தவர். தெரிந்தும் கண்ணாடியில் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. தொகுப்பாளர் கையில் அட்டைக் கட்டு. முதலில் திரையில் மழுப்பலாரே வந்தார். தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நரைத்த காலம்வரை, விதவிதமான சட்டைகளில், 'அது பற்றி எனக்குத் தகவல் இல்லை', 'தகவல் இல்லை', 'இல்லை', 'இல்லை'. அரங்கம் குலுங்கியது. அவரும் சிரித்தார். தூக்கக் கதையைச் சொன்னார். "தலைவர் தூங்கலீங்க, ஆழ்ந்த சிந்தனையில இருக்கார்னு சொன்னேன். சொல்லி முடிக்கல, குறட்டை விட்டுட்டார்." கைதட்டல் நிற்கவே இல்லை. கார் கதைக்கு அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். ஒவ்வொரு கதைக்கும் தொகுப்பாளர் ஒரு அட்டையை அடியில் செருகினார். "அப்படியா சார்!" என்று முதல் தடவை கேட்பவர் போலவே வாயைப் பிளந்தார். நல்ல தொழில்காரர்.

கடைசி அட்டை வந்தது. தொகுப்பாளர் அதைப் பார்த்தார். ஒரு கணம் மழுப்பலாரின் முகத்தையும் பார்த்தார். பிறகு அதையும் அடியில் செருகிவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

கேட்க வேண்டாம் என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டது குறித்தபடியே நடந்தது. கேட்காதே என்று சொன்னவரும் இவர்தான், கேட்கமாட்டாரா என்று உள்ளுக்குள் தவித்தவரும் இவர்தான். வாழ்நாளெல்லாம் யாராவது கேட்ட பிறகே வாயைத் திறந்து பழகியவர். கேட்காமல் ஒன்றைச் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் பார்ப்பாள். பார்க்காமல் போனாலும் போவாள். இதைவிட்டால் வேறு நாள் இல்லை.

"நீங்க ஒண்ணு கேக்கலை," என்றார்.

"கேட்டா மட்டும் பதில் சொல்ற ஆளா சார் நீங்க?" என்றார் தொகுப்பாளர். சட்டென்று வாயில் வந்துவிட்டது. அரங்கமே எழுந்து ஆடியது.

"நர்ஸுங்க மேல ஒரு அடிகூட விழலைன்னு சொன்னேனே," என்றார் மழுப்பலார். "விழுந்துச்சு."

சிரித்தார்கள்.

"எனக்கு அப்பவே தெரியும். போட்டோ பாத்தேன். அதுல என் பொண்ணு இருந்தா."

அதற்கும் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதுவரை அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சிரிக்கத்தானே பழக்கியிருந்தார். அங்கங்கே இரண்டொருவர் பாதியில் நிறுத்திப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். தொகுப்பாளர் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார், இசை எழும்பியது.

நடைவழியில் தொகுப்பாளர் அவர் தோளைத் தட்டினார். "பிரமாதம் சார். கடைசியில கொஞ்சம் இறங்கிடுச்சு, பரவாயில்ல." சொல்லிக்கொண்டே அடுத்த ஆளை நோக்கி நடந்தார். மழுப்பலார் அந்தப் பெண்ணைத் தேடினார், காணவில்லை. யாரோ ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே நிகழ்ச்சியின் பெயர் போட்ட ஒரு கோப்பை இருந்தது.

ஞாயிறு மாலை அந்தக் கோப்பையிலேயே டீ ஊற்றிக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தார். பழைய பேட்டிகள் வந்தன. தூக்கம் வந்தது, கார் வந்தது. தொகுப்பாளர் கடைசி அட்டையை அடியில் செருகினார், புத்தகத்தைத் தூக்கினார், சோப்பு விளம்பரம் வந்தது. அவ்வளவுதான். நடுவில் எதுவும் இருந்ததற்கான தழும்புகூட இல்லை. சுத்தமாக வெட்டியிருந்தார்கள். டீ ஆறிப் போயிருந்தது. இனி சொல்வதற்கு ஒரு இடமும் இல்லை என்று தோன்றியபோது அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லவும் யாரும் இல்லாததால் அழுதார்.

போன் அடித்தது. திரையில் மகளின் பெயர்.

"பாத்தேன்," என்றாள். அப்பா என்று கூப்பிடவில்லை.

"பாத்தியாம்மா?"

"நல்லாத்தான் சிரிக்க வெச்சீங்க. வார்டுல எல்லாரும் பாத்தாங்க. இவர் உங்கப்பாதானேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தகவல் இல்லைன்னு சொன்னேன்."

வாங்கிக் கட்டிக்கொண்டார். வேறு யார் சொல்லியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

"கடைசியில நான் ஒண்ணு சொன்னேம்மா. அதை வெட்டிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு, ஈரமே இல்லாத சிரிப்பு. "வெட்டிட்டாங்களா? தலைவர் எதையாவது உளறினா, வெட்டி ஒட்டிட்டாங்கன்னுதானே நீங்க சொல்லுவீங்க. எத்தனை தடவை கேட்டிருக்கேன்."

புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதைதான். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையிலேயே வெட்டியிருக்கிறார்கள், அதை நம்ப ஒரு ஆள் இல்லை. வைத்துவிடுவாள் என்று நினைத்தார்.

அவள் வைக்கவில்லை. "சரி, என்ன சொன்னீங்க?" என்றாள்.

கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு எனக்குத் தெரியும்மா. உங்களை அடிச்சாங்க. மைக்குக்குப் போறதுக்கு முன்னாடியே போட்டோ காட்டினாங்க. அதுல நீ இருந்த."

எங்கேயோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது.

"ரத்தம் வந்துட்டு இருந்துச்சா, போட்டோல?"

"ஆமாம்மா."

"அதைப் பாத்துட்டுத்தான் போய்ப் பேசினீங்க."

"ஆமா."

"இதையா அங்க சொன்னீங்க?" என்று கேட்டாள். "அத்தனை பேர் முன்னாடி?"

"சொன்னேன்."

"அவங்க என்ன பண்ணாங்க?"

பழைய நாக்காக இருந்தால் இதற்கு ஏழெட்டுப் பதில் வைத்திருக்கும். நெகிழ்ந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது, அதைத்தான் வெட்டிவிட்டார்களே.

"சிரிச்சாங்கம்மா."

அவள் சிரிக்கவில்லை. வார்டில் யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். "இருங்க, வரேன்," என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். அதன்பிறகும் போனில் அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.