சம்பந்தி வீட்டு ராஜாவின் பட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல் செட் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போகட்டும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் சங்கத்தில் கட்டைவிரல் உயர ஈயப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவோம். ஆண்டுக்கு ஒரு போட்டி. ஜெயித்த பொம்மை கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் ஓராண்டு நிற்கும். ஆறு வருஷமாக அந்த இடம் என் சம்பந்தியிடம். நடுவராக இருந்தவன் அவருடைய மச்சினன். மகளைக் கொடுத்த வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு நடுவர் புதுசு. விடுவேனா?

சம்பந்தி தீட்டும் துணியை என்னவென்று சொல்ல? பட்டும் பளபளக்கும், கம்பளியும் பளபளக்கும், கோணிச்சாக்கும் பளபளக்கும். அவருடைய படைவீரன் ஒவ்வொருவனும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தவன் மாதிரி இருப்பான். கம்பளிக்கு மினுக்கமே ஆகாது. முடி தேய்ந்த தூரிகையால் புள்ளி புள்ளியாகக் குத்தவேண்டும். சொன்னால், "உங்க பொம்மைக்கு அம்மை போட்டிருக்கா சம்பந்தி?" என்பார்.

நான் ஒரு காவல்காரனுக்குக் கம்பளிக் கோட்டு தீட்டினேன். பதினோராயிரம் புள்ளி. காயட்டும் என்று ஜன்னலில் வைத்தேன். காலையில் பார்த்தால் முழங்கையில் ஓட்டை! பக்கத்தில் ஓர் அந்துப்பூச்சி வயிறு முட்டி நகர முடியாமல் கிடந்தது.

"அந்துருண்டை போட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

மறுபடி தீட்டி எடுத்துப்போனேன்.

சம்பந்தி கொண்டுவந்தது ஒரு ராஜா. தோளில் பட்டு மேலங்கி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் மாப்பிள்ளை கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு டையை வெட்டி ஒட்டியிருக்கிறார்.

"என்ன சம்பந்தி, நிஜத் துணியா?"

"தீட்டினதுங்க. கண்ணு தெரியலன்னா டாக்டரைப் பாருங்க."

நடுவர் நாற்பது வருஷம் கத்திரி பிடித்த தையல்காரர். பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அத்தனை சின்ன ஆள்மேல் நிஜ நூல் தாம்புக்கயிறாகத் தெரியும், மடிப்பு அட்டையாக விறைக்கும். இதெல்லாம் சம்பந்தி மூளைக்கு எட்டுமா?

"ஐயா, நீங்க பட்டைக் கண்ணால பார்த்ததே இல்லையா? இது துணி மாதிரியே இல்லையே!" என்றார் நடுவர் சம்பந்தியிடம்.

நிஜத் துணி என்று சொன்னால் விதிப்படி வெளியே அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் மானம் போகும். சம்பந்தி மானத்தை விட்டார்.

"தீட்டினதுதான்... கொஞ்சம் அவசரத்துல."

"அவசரம்னா சும்மா இருந்திருக்கலாமே."

அடுத்து என் காவல்காரன். நடுவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு பொம்மையிடமே பேசினார்: "காலர் நைஞ்சுபோச்சேப்பா. கழட்டிக் குடு, திருப்பித் தெச்சுத் தர்றேன்." கோட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறானே என்று அவருக்கு வருத்தம்கூட. பரிசு எனக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

பதிவேட்டைப் புரட்டினால், இந்த ஆண்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவர் சம்பந்தி ஒருவர் மட்டுமே. புள்ளி குத்தும் மும்முரத்தில் நான் பெயர் கொடுக்கவே மறந்திருக்கிறேன்; நடுத்தட்டில் ஏழாவது வருஷமும் அவர் பொம்மைதான்.