ஒடிந்த சிறகு

பாரிவாக்கத்தில் நாங்கள் வீடு கட்டப்போகும் மனையில், ஓர் ஆள்காட்டிக் குருவி ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடியது. சிறகு ஒடிந்துவிட்டது என்று நினைத்து, துப்பட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு பிடிக்கப் போனேன்.

"ஃபெபி பாப்பா, ஜல்லிய இங்கியே கொட்டிக்கவா?" என்று லாரியிலிருந்து உலகநாதன் அண்ணன் கேட்டார்.

"கொட்டுங்கண்ணா," என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

"குருவி புடிக்கிற அவசரத்துல ஊடு கட்டறத மறந்துடாத."

கடைசி வேலிவரை என்னைக் கூட்டிப்போன குருவி, நான் குனிந்ததும் இரண்டு சிறகையும் விரித்துப் பறந்துவிட்டது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

அது ஏன் நடித்தது என்று திரும்பி வந்தபோதுதான் புரிந்தது. ஜல்லிக் குவியலின் ஓரத்தில் புள்ளி போட்ட முட்டை ஒன்று உடைந்து மஞ்சள் வழிந்துகிடந்தது. மற்றவை அடியில் இருந்திருக்கும். என்னை முட்டைகளிடமிருந்து விலக்கத் தெரிந்த குருவிக்கு லாரியை விலக்கத் தெரியவில்லை. ஒரு நிமிடம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம்.

உலகநாதன் அண்ணன் மண்வெட்டியால் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலை நான் குவியலை நெருங்கியதும், குருவி என் முன்னால் வந்து விழுந்து மறுபடியும் சிறகை இழுத்தது. இந்த முறை, எல்லாம் தெரிந்தே, வேலிவரை அதன் பின்னால் போனேன்.